ஆளை மாற்றினால் எல்லை திருந்துமா?

(புலம்பெயர்ந்து வாழும் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் ஒன்றுகூடிய அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எம்மில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஓர் எல்லையைக் கடந்து வந்தவர்கள். சிலர் நேரடியாக விமானத்தில் வந்தோம். சிலர் பல நாடுகளின் கடவைகளில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்து வந்தோம். ஆகையால், எல்லையில் சீருடையுடன் நிற்கும் அலுவலரின் முகத்தைப் படிக்கும் பழக்கம் எமக்கு உண்டு. இவர் நல்லவரா, கொடுத்தால் வாங்குவாரா, கொடுக்காவிட்டால் நிறுத்தி வைப்பாரா என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிடுவோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த அலுவலரைப் பற்றியது. அவர் கெட்டவர் என்றால் அவரை நீக்கிவிட்டு நல்லவர் ஒருவரை அங்கே நிறுத்தினால் போதுமா என்பதே கேள்வி.

உலகின் வேறு நாடுகள் இக்கேள்விக்கு விடை தேடியிருக்கின்றன. அவற்றைச் சொல்வதற்கு முன்னர் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் குடும்பத்துடன் ஒரு நாட்டுக்குப் பயணம் செய்தேன். அந்நாட்டின் பெயர் இங்கே தேவையில்லை. உறவினர் பிள்ளைகளுக்கென வாங்கிய இரண்டு மடிக்கணினிகளும் ஒரு ஒளிப்படக் கருவியும் எங்கள் பெட்டியில் இருந்தன. சுங்க மேசையில் நின்றவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். "இவற்றுக்கு வரி கட்ட வேண்டும். கணக்குப் பார்க்க நேரம் எடுக்கும்" என்றார். நேரம் எடுக்கும் என்பதன் பொருள் எனக்கு விளங்கியது. புறப்படும்போதே நண்பர் ஒருவர் சொல்லித் தந்திருந்தபடி, கடவுச்சீட்டுக்குள் இரண்டு தாள்களை மடித்து வைத்து நீட்டினேன். பெட்டியின்மேல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு விழுந்தது. வெளியே வந்தோம். அப்போது ஒன்பது வயதாக இருந்த என் மகள் கேட்டாள்: "அப்பா, அவர் எங்களுக்கு ரசீது தரவில்லையே?"

"அது அப்படித்தான் பிள்ளை" என்றேன். அந்த அலுவலரை அதன் பின்னர் பல இடங்களில் திட்டியிருக்கிறேன். தாளை மடித்து வைத்த கையைப் பற்றி இன்றுதான் பேசுகிறேன்.

புலிப்பொறியும் சுங்கமும்

சுங்கம் என்பது எமக்குப் புதிய செய்தியன்று. கரிகால் வளவனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, அத்துறைமுகத்தில் ஏறும் பண்டங்களுக்கும் இறங்கும் பண்டங்களுக்கும் சோழனின் புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொண்டவர்களைப் பற்றிப் பேசுகின்றது. கதிரவன் தேரில் பூட்டிய குதிரைகளைப் போலச் சோர்வின்றி அவர்கள் உழைத்தனர் என்று புலவர் சொல்கிறார். அரசனின் பொருளைக் காக்கும் நல்லவர்கள் என்ற பெயரும் அவர்களுக்கு உண்டு. திருவள்ளுவரும் அரசனுக்குரிய வருவாய்களைச் சொல்லுமிடத்தில் உல்கு எனப்படும் சுங்கத்தைச் சேர்த்திருக்கின்றார். பின்னர் வந்த முதலாம் குலோத்துங்கனோ சுங்கத்தை நீக்கியதால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் பெற்றான்.

பொறி இடும் அலுவலர் நேர்மையாக இருந்தால் நாட்டின் கருவூலம் நிறையும். அவர் விலைபோனால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும். அவ்வாறு மேய்ந்த வேலியை ஒரே நாளில் பிடுங்கி எறிந்த ஒரு நாட்டின் கதையை இனிச் சொல்கிறேன்.

மெக்சிக்கோவில் ஒரு வார இறுதி

2009 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தின் நடுப்பகுதி. மெக்சிக்கோ அரசு தன் விமான நிலையங்களிலும் எல்லைக் கடவைகளிலும் பணியாற்றிய 700 சுங்கப் பரிசோதகர்களையும் ஒரே வார இறுதியில் மாற்றியது. அவர்களின் பணி ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படவில்லை. அவர்களுக்குப் பதிலாக இரு மடங்காக, 1,400 புதிய பரிசோதகர்கள் பணியில் அமர்த்தப்பட்டனர். கைமாற்றம் குழப்பமின்றி நடைபெறப் படையினர் அனுப்பப்பட்டனர்.

புதியவர்கள் தெருவில் போனவர்களைக் கூப்பிட்டு நிறுத்தப்பட்டவர்கள் அல்லர். அவர்களுக்குக் குற்றப் பின்னணி உண்டா என்று ஆராயப்பட்டது. மாதக்கணக்கில் பயிற்சி அளிக்கப்பட்டது. பழையவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுள் பல்கலைக்கழகக் கல்வி பெற்றவர்கள் மிகுதி. ஆயுதம், போதைப்பொருள், வரி ஏய்த்துக் கொண்டுவரப்படும் தொலைக்காட்சிப் பெட்டி முதலியவற்றைக் கண்டறிவதற்கு அவர்கள் பழக்கப்படுத்தப்பட்டிருந்தனர்.

இவ்வளவு கடுமையான முடிவுக்குக் காரணம் என்ன? 2006 டிசம்பரில் பதவியேற்ற சனாதிபதி பெலிப்பே கால்டெரோன், போதைப்பொருட் குழுக்களுக்கு எதிராகப் படையை இறக்கியிருந்தார். போதைப்பொருள் வடக்கு நோக்கி அமெரிக்காவுக்குச் செல்கின்றது. அதற்கு விலையாகப் பணமும் துப்பாக்கியும் தெற்கு நோக்கி மெக்சிக்கோவுக்குள் வருகின்றன. மெக்சிக்கோவில் கைப்பற்றப்பட்டு மூலம் தேடப்பட்ட துப்பாக்கிகளுள் ஏறத்தாழ 87 விழுக்காடு அமெரிக்காவிலிருந்து வந்தவை என அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகமே 2009 இல் அறிக்கையிட்டது. அவ்வளவு துப்பாக்கிகளும் வானத்திலிருந்து விழவில்லை. பெரும்பாலானவை கார்களிலும் பாரவூர்திகளிலும் சுங்கக் கடவைகளைத் தாண்டியே வந்தன.

இன்னொரு காரணமும் உண்டு. மெக்சிக்கோவின் பெறுமதிசேர் வரியில் பெரும்பங்கு சுங்க வாசலிலேயே அறவிடப்படுகின்றது. அங்கே ஒரு பாரவூர்தி கள்ளத்தனமாக நுழைந்தால், ஒரு பாடசாலைக்கும் ஒரு மருத்துவமனைக்கும் போகவேண்டிய பணம் குறைகின்றது.

விடுமுறைக்குக் கன்குனுக்குப் போய்வந்த குடும்பங்கள் இங்கும் இருப்பீர்கள். பயணிகள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், பச்சை விளக்கு எரிந்தால் போகலாம், சிவப்பு எரிந்தால் பெட்டியைத் திறக்க வேண்டும் என்ற முறை மெக்சிக்கோவில் நெடுங்காலம் இருந்தது. நில எல்லையில் வாகனங்களுக்கும் அவ்வாறே. ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கே சிவப்பு எரியும். யாரைச் சோதிப்பது என்பதை அலுவலரின் விருப்பத்துக்கு விடாமல் விளக்கிடம் விட்டது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிவப்பு எரிந்த பின்னர் என்ன நடக்கின்றது? அங்கே மீண்டும் ஒரு மனிதர், ஒரு பெட்டி, ஒரு பேரம். பச்சை எரிந்தவற்றிலோ எதையும் யாரும் பார்ப்பதில்லை. ஆகவே ஆட்களை மாற்றிய அதே காலத்தில், வாகனத்தை எடைபோட்டு அதன் இலக்கத் தகட்டைப் படம்பிடித்துப் பதிவேட்டுடன் ஒப்பிடும் கருவிகளையும் எல்லையில் நிறுவத் தொடங்கினார்கள்.

அந்த எழுநூறு பேர்

அந்த 700 பேரும் கையூட்டு வாங்கியவர்களா? ஒவ்வொருவர்மீதும் விசாரணை நடந்ததா? இல்லை. ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். அவர்களுள் பத்து ஆண்டுகள் ஒரு சதமும் வாங்காமல் நின்றவரும் இருந்திருக்கக்கூடும். அவருக்கும், இரு கைகளாலும் வாங்கியவருக்கும் ஒரே நாளில் ஒரே முடிவு. ஓர் இனத்தையே மொத்தமாகச் சந்தேகித்தால் எப்படியிருக்கும் என்பதைப் பட்டறிந்தவர்கள் நாம். ஆகவே ஓர் அலுவலகத்தையே மொத்தமாகச் சந்தேகிக்கும்போது அதற்குரிய விலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மேலும் நாம் "கையூட்டு" என்று ஒரே சொல்லில் அடக்குவது அந்த எல்லையில் வேறு முகமும் கொண்டது. இலத்தீன் அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு: வெள்ளியா, ஈயமா? வெள்ளி என்றால் பணம், ஈயம் என்றால் துப்பாக்கிக் குண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு கண்ணை மூடு, இல்லாவிட்டால் உன் கண்ணை நாங்கள் மூடுவோம் என்பது அதன் பொருள். அந்தப் பெரும் மாற்றத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 2009 ஜூன் மாதத்தில், வெராக்குரூஸ் துறைமுகத்தின் சுங்க நிருவாகி கடத்தப்பட்டுக் காணாமற்போனார். காணாமற்போதல் என்ற சொல்லின் கனத்தை இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. இத்தகைய அச்சத்தின் நடுவே நிற்கும் ஒருவரிடம் "நேர்மையாக இரு" என்று மட்டும் சொல்வது போதாது. அவர் நேர்மையாக இருந்தால் அவருடைய குடும்பத்தை யார் காப்பாற்றுவது என்ற கேள்விக்கும் அரசு விடை வைத்திருக்க வேண்டும்.

பின்னர் நடந்தது

புதிய 1,400 பேரால் சிக்கல் தீர்ந்ததா? தீர்ந்திருந்தால் அடுத்த செய்தி வந்திருக்காது. பதினோர் ஆண்டுகள் கழித்து, 2020 ஜூலையில், அப்போதைய சனாதிபதி லோபஸ் ஓப்ராடோர், சுங்க நிலையங்களிலும் துறைமுகங்களிலும் ஊழலும் கடத்தலும் பெருகிவிட்டதாகக் கூறி அவற்றைப் படைத்தரப்பிடம் ஒப்படைக்கப்போவதாக அறிவித்தார். 2022 ஜனவரியில் வரித் திணைக்களத்திலிருந்து சுங்கம் பிரிக்கப்பட்டுத் தனி முகவரகம் ஆக்கப்பட்டது. பல சுங்க நிலையங்களின் தலைமைக்குப் படையினரும் ஓய்வுபெற்ற படை அதிகாரிகளும் வந்தனர். படைவீரர் ஒழுங்கானவர், அவரை விலைக்கு வாங்க முடியாது என்பதே எதிர்பார்ப்பு.

2025 மார்ச் மாதத்தில் தம்பிக்கோ துறைமுகத்தில் ஒரு கப்பல் பிடிபட்டது. ஏறத்தாழ ஒரு கோடி லீற்றர் டீசல் கைப்பற்றப்பட்டது. எரிபொருளுக்குரிய வரியைத் தவிர்ப்பதற்காக அது வேறு சரக்கு என்று பத்திரங்களில் காட்டப்பட்டிருந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில், எரிபொருட் கடத்தல் வலையமைப்பு ஒன்றுடன் தொடர்புடையவர்கள் என்ற குற்றச்சாட்டில் பலர் கைதாயினர். வணிகர்களும் சுங்கத்தில் பணியாற்றியவர்களும் அவர்களுள் இருந்தனர். கடற்படையினரும் இருந்தனர், கடற்படையின் மிக உயர்ந்த நிலை அதிகாரி ஒருவர் உட்பட. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றமே சொல்லவேண்டும். ஆனால் ஒன்று தெளிவு. முதலில் பரிசோதகரை மாற்றினார்கள். பின்னர் சீருடையையே மாற்றினார்கள். கடத்தல்காரர் தேடி வந்த வாசல் மட்டும் மாறவில்லை.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று எம் முன்னோர் கேட்டு வைத்தனர். அப்பழமொழி தேன் எடுப்பவனின் குணத்தை மட்டும் பேசவில்லை. தேன் இருக்கும் இடத்தில் யாரை நிறுத்தினாலும் நிகழக்கூடியதைப் பேசுகின்றது.

இந்தோனேசியா இரண்டு முறை கற்ற பாடம்

மெக்சிக்கோ மட்டுமே இப்படி என்று எண்ணவேண்டா. 1985 இல் இந்தோனேசியாவின் சனாதிபதி சுகார்த்தோ தம் நாட்டுச் சுங்கத் துறையின் கையிலிருந்த சரக்குப் பரிசோதனையைப் பறித்து, சுவிற்சர்லாந்து நாட்டு நிறுவனமான எஸ்.ஜி.எஸ். இடம் கொடுத்தார். 5,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள இறக்குமதிச் சரக்குகள், அவை புறப்படும் நாட்டிலேயே பரிசோதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான சுங்க அலுவலர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். துறைமுகங்களில் சரக்குகள் விரைவாக வெளியேறின என்பது உண்மை. ஆனால் ஒரு நாடு தன் வாசற்காவலை என்றென்றும் அந்நிய நிறுவனத்திடம் விட்டுவைக்க முடியாது. 1997 இல் அப்பணி மீண்டும் சுங்கத் துறையிடம் வந்தது. அதனோடு பழைய நோயும் வந்தது.

2007 இல் நிதியமைச்சர் சிறீ முல்யாணி, யகார்த்தாவின் தஞ்சோங் பிரியோக் துறைமுகத்தில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுங்க அலுவலர்களை மாற்றினார். தெரிந்தெடுக்கப்பட்ட புதியவர்களை அமர்த்திச் சம்பளத்தையும் பெருமளவு உயர்த்தினார். ஓராண்டுகூட நிறையவில்லை. 2008 மே மாத இறுதியில் அந்நாட்டின் ஊழல் ஒழிப்பு ஆணைக்குழுவினர் அதே அலுவலகத்துக்குள் திடீரென நுழைந்தனர். ஏறத்தாழ 50 கோடி ரூபியா, அன்றைய மதிப்பில் சுமார் ஐம்பதாயிரம் அமெரிக்க டொலர், கணக்கில் வராத பணமாகச் சிக்கியது.

இதைக் கேட்டு மனம் தளரவேண்டா. ஐந்து ஆண்டுகளில் பிடிபட வேண்டியது ஓராண்டுக்குள் பிடிபட்டது. ஏனெனில் சுங்கத் துறைக்கு வெளியே, அமைச்சருக்கும் கட்டுப்படாத ஒரு கண்காணிப்பு அமைப்பு அப்போது இருந்தது. ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. 2025 நவம்பரில் இந்தோனேசிய நிதியமைச்சர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். ஓராண்டுக்குள் திருந்தாவிட்டால் சுங்கத் துறையையே முடக்கி, 1985 இல் போல வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுக்க நேரிடலாம், 16,000 பேர் வேலை இழக்கலாம் என்றார். நாற்பது ஆண்டுகள் சுற்றி அந்நாடு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

திருந்தியவர்கள் என்ன செய்தனர்?

அப்படியானால் எல்லை திருந்தவே திருந்தாதா? திருந்திய இடங்களும் உண்டு. தென்னமெரிக்காவின் பெரு நாடு 1990 களின் தொடக்கத்தில் தன் சுங்கத் துறையைச் சீரமைத்தது. அங்கும் ஆட்களை மாற்றினார்கள். அலுவலர் தொகையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, தேர்வு வைத்து, படித்தவர்களை எடுத்து, நல்ல சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் அத்துடன் நிறுத்தவில்லை. பலவாறு சிதறிக் கிடந்த இறக்குமதி வரி வீதங்களை 1991 இல் 15 விழுக்காடு, 25 விழுக்காடு என்ற இரண்டாகச் சுருக்கினார்கள். வீதங்கள் பல இருந்தால், இது எந்த வீதத்துக்குள் வரும் என்று தீர்மானிக்கும் அலுவலரின் கையில் பேரத்துக்கு இடம் இருக்கும். இரண்டே வீதம் என்றால் அந்த இடம் சுருங்கிவிடும். வரி குறைந்தால் கடத்தலின் இலாபமும் குறைந்துவிடும். வரி வீதத்தைக் குறைத்த பின்னரும் பெருவின் சுங்க வருமானம் சில ஆண்டுகளில் பல மடங்கு உயர்ந்தது.

யோர்ஜியா நாடு 2006 இல் தன் 16 வரிப் படிகளை மூன்றாகக் குறைத்துப் பெரும்பாலான பொருட்களுக்கு வரியே இல்லாமல் செய்தது. குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் சுங்கம் இல்லாத பண்டத்தை யாரும் கடத்துவதில்லை என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. சுங்கத்தைச் சீர்செய்த பெருவின் அதே அரசு, சனாதிபதி புஜிமோரியின் அரசு, 2000 ஆம் ஆண்டில் பெரும் ஊழல் அம்பலமாகி வீழ்ந்தது. வாசலைத் துடைத்தவர்கள் வீட்டின் நடுவறையைத் துடைக்கவில்லை.

ஊழலை ஆராய்ந்த பொருளியலாளர் ரொபேட் கிளிற்காட், அதனை ஓர் எளிய கணக்காகச் சொன்னார். ஒருவரிடம் மட்டுமே அதிகாரம் இருப்பதும், அதைத் தம் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்பதும் சேர்ந்து, பொறுப்புக்கூறல் இல்லாமற்போனால் அங்கே ஊழல் விளையும். என்னிடம் தாளை வாங்கிய அலுவலரை இக்கணக்கில் வைத்துப் பாருங்கள். அந்த மேசையில் அவர் ஒருவரே. மடிக்கணினிக்கு எவ்வளவு வரி என்று எழுதிய அறிவிப்பு எங்கும் இல்லை, அவர் சொன்னதே கணக்கு. அவர் செய்ததை மறுநாள் யாரும் பார்க்கப்போவதில்லை. அவரை நீக்கிவிட்டு உங்களில் ஒருவரை, ஏன் என்னையே அங்கே நிறுத்தினாலும், சில மாதங்கள் நேர்மையாக இருந்திருப்பேன். அதன் பின்னர் என்ன ஆகியிருப்பேன் என்று உறுதி சொல்ல எனக்குத் துணிவில்லை.

வளர்ந்த நாடுகளும் எம் நாடும்

இளையோரே, இது ஏழை நாடுகளின் நோய் என்று நீங்கள் எண்ணக்கூடும். மெக்சிக்கோ எல்லையின் மறுபுறத்தைப் பாருங்கள். 2005 முதல் 2012 வரையான நிதியாண்டுகளில் அமெரிக்காவின் சுங்க, எல்லைக் காவல் துறையைச் சேர்ந்த 144 பேர் ஊழல் தொடர்பான குற்றங்களுக்காகக் கைதாயினர் அல்லது குற்றஞ்சாட்டப்பட்டனர். அவர்களுள் 125 பேர் தண்டிக்கப்பட்டனர். நல்ல சம்பளமும் வலிய சட்டமும் உள்ள நாட்டிலும் இது நடந்தது. வேறுபாடு எங்கே என்றால், அந்த எண்ணிக்கையை அந்நாட்டின் கணக்காய்வு அலுவலகமே எண்ணி வெளியிட்டது. புதிதாகச் சேர்பவர்களை உண்மை அறியும் சோதனைக்கு உட்படுத்த 2010 இல் சட்டமும் இயற்றினார்கள்.

இலங்கையிலிருந்து ஒரு நிகழ்வையும் குறிப்பிட வேண்டும். 2019 ஜனவரி இறுதியில், சுங்கப் பணிப்பாளர் நாயகமாக இருந்த திருமதி பி.எஸ்.எம். சார்ள்ஸ் அப்பதவியிலிருந்து மாற்றப்பட்டு, ஓய்வுபெற்ற கடற்படை உயர் அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் அரசாங்க அதிபராகப் பணியாற்றிய தமிழ்ப் பெண்மணி அவர். மாற்றத்துக்குரிய காரணம் பற்றி ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். ஆனால் சுங்க அலுவலர்களே அவருக்காகப் பணியை நிறுத்திப் போராடினர். சில நாட்களில் அவர் மீண்டும் அப்பதவிக்கு வந்தார். ஆளை மாற்றுதல் என்பது இருபுறமும் கூர்மையுள்ள கத்தி. ஊழல் செய்பவரை நீக்கவும் அது உதவும். ஊழலுக்கு இடைஞ்சலாக இருப்பவரை நீக்கவும் அதே அதிகாரம் உதவும். ஆகவே, "எல்லாரையும் தூக்கி எறியுங்கள்" என்று முழங்குவதற்கு முன்னர், யாரை, எக்காரணத்துக்காக, யார் விசாரித்து நீக்குகிறார்கள் என்று கேட்கப் பழகுவோம்.

நாம் செய்யக் கூடியவை

தாயக அரசுகளிடமும் வாழும் நாட்டின் மக்கள் பிரதிநிதிகளிடமும் பேசும் வாய்ப்பு எமது அமைப்புகளுக்கு உண்டு. அப்போது வெறுமனே "ஊழலை ஒழியுங்கள்" என்று கேட்காமல் குறித்துக் கேட்போம். எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்பதை மக்கள் மொழியில், தமிழிலும், வாசலில் எழுதி வையுங்கள். எந்தப் பெட்டியை எந்த அலுவலர் சோதிப்பது என்பதை அவர்களே முடிவு செய்யாத முறையைக் கொண்டுவாருங்கள். ஒரே மேசையில் ஒருவரைப் பல ஆண்டுகள் இருத்தாதீர்கள். அவர்களின் சொத்து விவரத்தை ஆண்டுதோறும் பெறுங்கள். முறைப்பாடு செய்ய அத்துறைக்கு வெளியே ஓர் இடம் வையுங்கள். நேர்மையான அலுவலருக்கும் அவர் குடும்பத்துக்கும் பாதுகாப்புக் கொடுங்கள். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வணிக நிறுவனத்தின் வணிக வசதிப்படுத்தல் உடன்படிக்கை, சுங்க விதிகளையும் கட்டணங்களையும் வெளிப்படையாக அறிவிக்கவேண்டும் என்று கோருகின்றது. இலங்கையும் இந்தியாவும் கனடாவும் அதை ஏற்றுக்கொண்ட நாடுகள். ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. ஏற்றுக்கொண்ட கடமையை நிறைவேற்றுமாறே கேட்கிறோம்.

அடுத்து எம் வீட்டுக்கு வருவோம். பெற்றோரே, பயணத்துக்கு முன்னர் எதை எவ்வளவு வரியின்றிக் கொண்டுசெல்லலாம் என்று பாருங்கள். மேற்பட்டதை அறிவித்து, வரியைக் கட்டி, ரசீதைக் கேளுங்கள். ரசீது கேட்பவரிடம் கையூட்டுக் கேட்பது கடினம். ஊருக்குப் பெட்டி அனுப்பும்போது புதிய பொருளைப் பழைய பொருள் என்று எழுதாதீர்கள். அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கும் அலுவலரின் கையில் நீங்களே பேரத்துக்கான கயிற்றைக் கொடுக்கின்றீர்கள். யாரோ தந்த பொதியை, உள்ளே என்ன என்று அறியாமல் பயணத்தில் கொண்டுபோகாதீர்கள். இளையோரே, இதை உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு பொதியால் வாழ்வைத் தொலைத்தவர்கள் எம் சமூகத்திலும் உண்டு.

இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பது கடினம் என்பதை அறிவேன். குழந்தை அழும், முதிய தாய் களைத்திருப்பார், வெளியே வாகனம் காத்திருக்கும். அந்த நேரத்தில் மடித்த தாள் எளிய வழியாகத் தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றியது. ஆனால் அதே எல்லையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஏழைக் குடும்பத்திடம் மடிப்பதற்குத் தாள் இருந்திருக்காது. வெளிநாட்டிலிருந்து வரும் நாம் கொடுத்துக் கொடுத்து உயர்த்திவிட்ட விலையை அங்கேயே வாழ்பவர்கள்தான் நாள்தோறும் கட்டுகிறார்கள்.

மகளின் கேள்வி

மெக்சிக்கோ 700 பேரை மாற்றியது. இந்தோனேசியா ஆயிரக்கணக்கானோரை மாற்றியது. மாற்றியது தவறு என்று நான் சொல்லவில்லை. முற்றிலும் கெட்டுப்போன ஓர் அலுவலகத்தில் அதுவே முதற்படியாக இருக்கலாம். முதற்படியையே முழுப்படிக்கட்டு என்று எண்ணியதுதான் பிழை. எந்தப் புதியவர் வந்தாலும் அவரைத் தனியே, கணக்கின்றி, அச்சத்தின் நடுவே நிறுத்தினால் அவரும் ஒரு நாள் பழையவர் ஆவார். எதிரே நிற்கும் நாம் மாறாவிட்டால் அந்த நாள் இன்னும் விரைவாக வரும்.

என் மகள் இப்போது வளர்ந்து வேலைக்குச் செல்கின்றாள். சென்ற ஆண்டு அவளுடன் மீண்டும் அதே விமான நிலையத்தில் இறங்கினேன். மேசையில் வேறொருவர் நின்றார். எங்களிடம் வரிக்குரிய பொருள் ஒன்று இருந்தது. "நேரம் எடுக்கும்" என்று அவரும் சொன்னார். "பரவாயில்லை, இருக்கிறோம்" என்றாள் மகள். ஒன்றேகால் மணி நேரம் இருந்தோம். இறுதியில் வரியைக் கட்டி ரசீதை வாங்கினோம். அதை அவள் என் கையில் தந்தாள். எதுவும் சொல்லவில்லை.

அந்த ரசீதை இன்றும் என் பணப்பையில் வைத்திருக்கின்றேன். உங்கள் பிள்ளைகள் இவ்வாறு கேட்கும்போது "அது அப்படித்தான்" என்று சொல்லிவிடாதீர்கள்.